குதிரைக் காதில் கேள்வித்தாள்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் பிரியும் சாலையில், செவ்வாயோ வெள்ளியோ காலை ஏழு மணிக்குப் போனால் எஸ்டேட் ஜீப் கூட நகர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். மந்திரி யாரும் வரவில்லை. சாலையோரம் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்குள் தகரக் கொட்டகை. கொட்டகை வாசலில் ஆளுயர மண்குதிரை. உள்ளே சங்கிலிச் சாமி. வெளியே லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, நெற்றி நிறையத் திருநீறு பூசி வரிசையில் நிற்கிறார்களே, அவர்கள்தான் பக்தகோடிகள். எல்லாம் பி.இ., எம்.சி.ஏ. படிப்பு வாசனை இல்லாத ஆள் ஒருத்தர் வந்துவிட்டால் இவர் எதற்கு வந்தார் என்று கூட்டமே திரும்பிப் பார்க்கும்.

சங்கிலிச் சாமி மை போட்டுப் பார்ப்பவர். வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்த்தால், காணாமல் போன மாடு எந்தத் தோட்டத்தில் மேய்கிறது என்று தெரிந்துவிடுமாம். பத்து வருஷம் மாடும் ஆடும் தேடிக்கொடுத்த மை அது. மாடு வளர்க்கிறவர்கள் குறைந்து, பரீட்சை எழுதுகிறவர்கள் பெருகியதும் மையும் தொழிலை மாற்றிக்கொண்டது. இப்போது அதில் தெரிவது கேள்வித்தாள். அதிலும் நெட்வொர்க் ஆட்டோமேஷன் சான்றிதழ்த் தேர்வு என்றால் மைக்குத் தனி உற்சாகம். சாமிக்கு இங்கிலீஷில் தன் பெயரை எழுதத் தெரியாது. ஆனால் மையைப் பார்த்ததும் ஏபிஐ, ஜேசான், யேமல் என்று வாயிலிருந்து கொட்டும். கேட்ட பி.இ.க்களுக்குப் புல்லரித்துவிடும்.

தோப்பு வாசலில் ஒரு பெரிய பிளக்ஸ். போடியைச் சேர்ந்த சிம்ரன் என்ற பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். 'மையின் மகிமை! முதல் முயற்சியிலேயே தேர்ச்சி!' சிம்ரனின் அம்மா இங்கே வந்து நேர்ந்துகொண்டது உண்மை. சிம்ரன் ஆறு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு படித்ததும் உண்மைதான். அதை எழுதப் பிளக்ஸில் இடம் போதவில்லை.

சாமிக்குச் சீடர் ஒருவர், பெயர் பலவேசம். டோக்கன் கொடுப்பது, க்யூஆர் கோடு அட்டையை நீட்டுவது, மைக்கில் விதிமுறை வாசிப்பது எல்லாம் அவர்தான். விதிகள் மூன்று.

"மை பாக்குறதுக்கு முன்னாடி ஒங்க மனக்கொறைய குதிரையோட எடது காதுல சொல்லிரணும். மை பாத்ததுக்கப்புறம் பரீட்சை முடியிற வரைக்கும் பொஸ்தகத்தத் தொடக் கூடாது. தொட்டா மை கோவிச்சுக்கிரும். பரீட்ச எழுதுனதும் மூஞ்சி கழுவாம, யார்கிட்டயும் பேசாம நேரா இங்கன வந்து, பாத்த கேள்வி அம்புட்டையும் அதே காதுல ஒப்பிக்கணும். பாஸோ பெயிலோ, ஒப்பிக்கணும். அதான் நேத்திக்கடன்!"

கேள்வி முழுவதும் மைக்கே தெரியும் என்றால், எழுதிவிட்டு வந்தவன் எதற்கு அதைக் குதிரைக்குச் சொல்ல வேண்டும்? இந்தச் சின்னச் சந்தேகம் இருநூறு பட்டதாரிகளில் ஒருவருக்கும் வரவில்லை. சந்தேகம் பாடத்திட்டத்தில் இல்லையோ என்னவோ.

அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவன் கார்த்திக்ராஜ். தேனி பெரியகுளம் சாலையில் வைகைச்சுடர் நெட் என்ற இன்டர்நெட் கம்பெனியில் டெக்னீஷியன். கம்பத்தில் ஏறி ஒயர் இழுத்த பையன், ஆறு வருஷத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து இன்டர்நெட்டைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச் பெட்டிகளுக்கு உத்தரவு போடுகிற அளவுக்கு வந்திருந்தான். அப்பா முத்துவீரன் தேனிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். "எம்மவன் கம்ப்யூட்டருக்கே வேல சொல்லுறவன்" என்று அவர் சொல்லிக்கொள்ளாத கடை சந்தையில் இல்லை.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து. முன்பு நூறு பெட்டிகளுக்கு ஓர் உத்தரவு போட வேண்டுமென்றால் பதினாலு பேர் ஒவ்வொரு பெட்டியாக உட்கார்ந்து தட்டுவார்கள். இப்போது ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஒரு பொத்தானைத் தட்டினால் நூறு பெட்டியும் ஒரே நிமிஷத்தில் கேட்டுக்கொள்ளும். நெட்வொர்க் ஆட்டோமேஷன் என்பது அவ்வளவுதான். முதலாளி பதினாலு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்: "மே முப்பதாம் தேதிக்குள்ள சர்ட்டிபிகேட் வச்சிருக்குற நாலு பேருக்கு வேல. மத்தவுக வேற எடம் பாத்துக்கிருங்க."

பதினாலு பேரும் பயந்தார்கள். நாலைந்து பேர் படிக்க ஆரம்பித்தார்கள். கார்த்திக்ராஜ் தென்னந்தோப்புக்குப் போனான்.

மார்ச்சில் ஒருமுறை மை பார்த்தான். இருபது கேள்வி வந்தது. ராகத்தோடு மனப்பாடம் செய்துகொண்டு மதுரைக்குப் போய் எழுதினான். இருபதில் மூன்றுதான் பரீட்சையில் இருந்தது. பெயில். விதி தவறாமல், மதுரையிலிருந்து சின்னமனூர் வரை வாயைத் திறக்கவில்லை. கண்டக்டரிடம் சைகையில் டிக்கெட் கேட்டான். "ஏம்ப்பா, மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று அந்த நல்ல மனுஷர் இரக்கப்பட்டு, மாற்றுத்திறனாளிக்கு விட வேண்டிய முன்சீட்டை இவனுக்கு விட்டார். அப்படி உட்கார்ந்து வந்து, நினைவிலிருந்த கேள்வி முழுவதையும் குதிரைக் காதில் ஓதினான்.

"ஏன் சாமி பெயிலாயிட்டேன்?" என்று உள்ளே போய்க் கேட்டதற்கு, சாமி ஒரே வார்த்தை கேட்டார்.

"பொஸ்தகத்தத் தொட்டியாலே?"

கார்த்திக்ராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் அலமாரியிலிருந்து புத்தகம் ஒன்று விழ, எடுத்து வைத்திருந்தான். சாமிக்கு எப்படித் தெரிந்தது! பரீட்சைக்குப் போகிறவன் எவனும் புத்தகத்தை ஒரு தடவையாவது தொட்டிருப்பான் என்பது இவன் புத்திக்கு எட்டவில்லை. தன்னைத்தானே நாலு அறை அறைந்துகொண்டு வந்தான்.

அடுத்த முறை எழுத மே மாதம் இருபத்தெட்டாம் தேதி கிடைத்தது. அதுதான் கடைசி வாய்ப்பு. அதிலும் பெயிலானால் முப்பதாம் தேதி வேலையும் போய்விடும்.

அதே ஆபீஸில் முத்துப்பேச்சி என்றொருத்தி. கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் மகள். கார்த்திக்ராஜும் அவளும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவளும் இதே பரீட்சைக்குத்தான் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன் லேப்டாப்பைத் திறப்பாள். இவன் எதிரே உட்கார்ந்து தயிர்ச்சோற்றை உருட்டி விழுங்கிக்கொண்டு சும்மா இருப்பதை ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"ஏலே கார்த்தி, ஒம் பொஸ்தகம் எங்கடா?"

"தொடக் கூடாது பேச்சி. போன தடவ தொட்டுத்தான் வெனையாப் போச்சு. இந்தத் தடவ மொதல்ல இருந்தே சுத்தமா இருக்கேன்."

"பரீட்சைக்குப் போறவன் பொஸ்தகத்தத் தொடக் கூடாதா? அப்ப சமையக்காரன் அடுப்பத் தொடக் கூடாதாக்கும்?"

"ஒனக்குச் சொன்னாப் புரியாது. சாமி எம் மனசுல உள்ளத அப்படியே சொன்னாக தெரியுமா? மொதலாளி மொட்டத் தல, மீச வச்ச ஆளுன்னு சொன்னாக!"

"நீ யார்கிட்டயும் மொதலாளியப் பத்திச் சொல்லலையா?"

"யார்கிட்டயும் மூச்சு விடலையே! குதிரைகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

முத்துப்பேச்சி கையிலிருந்த டப்பா மூடியைக் கீழே வைத்தாள். குதிரை என்ன, காது என்ன, நேர்த்திக்கடன் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் பெருமையாகச் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் சிரிப்பும் எரிச்சலும் மாறி மாறி வந்தன.

"பரீட்சைக்குள்ள பாத்த கேள்விய வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தானடா உள்ளயே போன? நீ அம்புட்டையும் குதிரைக்கு ஓதிட்டு வந்துருக்க!"

"குதிர மனுசனா? அது மண்ணு."

"அது மண்ணு. அது காதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தியா?"

"சீ, வாயக் கழுவு. சாமி குத்தம் ஆயிரும்."

அவனிடம் பேசிப் புண்ணியமில்லை என்று முத்துப்பேச்சிக்குப் புரிந்துபோயிற்று. சிரித்துக்கொண்டே, "சரிடா, நானும் பரீட்ச எழுதிட்டு வந்து ஒங் குதிரைக்கு ஒப்பிக்கிறேன். ஒஞ் சாமிக்கும் ஒரு பரீட்ச வச்சுப் பாப்பமே" என்றாள். அவள் மனம் திருந்திவிட்டாள் என்று கார்த்திக்ராஜ் அன்று இரண்டு கரண்டி தயிர்ச்சோறு அதிகமாகச் சாப்பிட்டான்.

மே பதினாலு, வியாழக்கிழமை. முத்துப்பேச்சி மதுரையில் பரீட்சை எழுதி, பாஸ் செய்து, மதிப்பெண் தாளோடு சின்னமனூரில் இறங்கினாள். கார்த்திக்ராஜ் அரைநாள் லீவு போட்டுவிட்டு பைக்கோடு நின்றான். ஸ்கூட்டியைக் காலையில் அங்கே நிறுத்திவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள். "பாஸா?" என்றான். அவள் வாயைத் திறக்கவில்லை. விரலை உதட்டில் வைத்து, கண்ணை மூடி, பெரிய பக்தையைப் போல நின்றாள். இவனுக்கு மெய்சிலிர்த்தது.

தோப்பு வாசலில் அன்னத்தாய் டீக்கடை. முத்துப்பேச்சி நேரே அங்கே போய், ஒட்டிய கவர் இரண்டை எடுத்தாள். ஒன்று, இரண்டு என்று மேலே எழுதியிருந்தது. ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போடச் சைகை காட்டிக் கார்த்திக்ராஜிடம் நீட்டினாள். இவனும் ஏதோ காணிக்கை என்று நினைத்துப் போட்டான். அன்னத்தாயும் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, கவர்களைச் சீனி டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அன்னத்தாய்க்குச் சாமியால் நல்ல வியாபாரம். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அவள் கோழி ஒன்று காணாமல் போக, பக்கத்துவீட்டுக்காரிதான் அடித்துத் தின்றாள் என்று மை சொல்லிவிட்டது. மூன்று மாதம் தெருவே நாறும்படி சண்டை. நாலாம் மாதம் அந்தக் கோழி பதினோரு குஞ்சுகளோடு வைக்கோற்படப்புக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தது. அன்றிலிருந்து பக்கத்துவீட்டுக்காரியின் முகத்தில் விழிக்க முடியாமல் சுற்றுவழியில் கடைக்கு வருகிறாள். அதற்கு முந்தின வாரமே முத்துப்பேச்சி வந்து விஷயத்தைச் சொன்னபோது, "ஒரு வருசமா காத்துக் கெடக்கேன் ஆத்தா" என்றாளாம்.

முத்துப்பேச்சி குதிரையின் இடது காதில் வாயை வைத்தாள். கால் மணி நேரம் ஓதினாள். நடுவில் ஒரு தடவை உடம்பு குலுங்கியது. பக்தியில் அழுகிறாள் என்று பலவேசம் நினைத்தார். சிரிப்பை அடக்கினால் உடம்பு குலுங்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன, ஆனால் குதிரையைப் பார்த்துச் சிரித்தவர்களை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த செவ்வாய், பத்தொன்பதாம் தேதி, கார்த்திக்ராஜுக்கு மை பார்க்கும் நாள். காலை ஆறு மணிக்கே போய்க் குதிரைக் காதில் மனக்குறையைக் கொட்டினான். ஏழரைக்குப் பலவேசம் மைக்கில் அறிவித்தார்: "குதிரைக்குக் கொள்ளு வைக்கிற நேரம். தெர போடப் போறோம். யாரும் எட்டிப் பாக்காதீக, கண்ணு பட்டா குதிரைக்கு வயித்த வலிக்கும்!" மண்குதிரைக்கு வயிற்றுவலி வரக்கூடாதே என்று இருநூறு பட்டதாரிகளும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். பத்து நிமிஷத்தில் திரை விலகியது. கொள்ளு அப்படியே இருந்தது. குதிரை சூட்சுமமாகத் தின்னும் என்று வரிசையில் ஒருவர் விளக்கம் சொன்னார். அவர் ஒரு கல்லூரியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவர்.

கார்த்திக்ராஜ் முறை வந்தது. நெட்வொர்க் பரீட்சைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நோட்டோடு பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். முத்துப்பேச்சியும் இருந்தாள். சாமி வெற்றிலையைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"ஏலே, ஒனக்கு வேலைக்குச் சோதன. ஒங்கப்பன் மூட்ட தூக்குறவன். அவன் தல குனிஞ்சிரக் கூடாதுன்னு நீ ராவும் பகலும் வேகுற."

கார்த்திக்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் உச்சுக் கொட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு முன் இதே வார்த்தைகளைத்தான் தன் வாயால் சொன்னோம் என்பது அவனுக்கு அந்த நேரத்தில் ஞாபகமே வரவில்லை.

"கேள்வி தெரியுது. எழுதிக்க. டி-லூப் புரோட்டோகால் எந்தப் போர்ட்டுல ஓடும்? எட்டாயிரத்து ஐநூத்திப் பதினாலு."

எல்லோரும் எழுதினார்கள்.

"யேமல் பைலுல மொத்தம் எத்தன வரி இருக்கணும்? பதினெட்டு."

பின்னாலிருந்து ஒருவர், "பதினெட்டாம்படிக் கணக்கு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கார்த்திக்ராஜின் பேனா நின்றது. யேமல் என்கிற குறிப்புக் கோப்பில் வரிக்கணக்கு எதுவும் கிடையாதே? மூன்று வரியிலும் இருக்கும், முந்நூறு வரியிலும் இருக்கும். ஆபீஸில் தினமும் பார்க்கிறானே. ஒரு நொடி தலை நிமிர்ந்தான். மைக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று மறுபடி குனிந்து எழுதினான்.

"சுவிட்ச் சூடானா ஸ்கிரிப்டு மொதல்ல என்ன செய்யும்? பேனப் போடும்."

"சாமி, ஒரு சந்தேகம்" என்று முத்துப்பேச்சி எழுந்தாள். "இந்தக் கேள்வியெல்லாம் பரீட்சையில நிச்சயமா வருமா?"

"மை பொய் சொல்லாது ஆத்தா."

"வராது சாமி. எந்த ஊர்ப் பரீட்சையிலயும் வராது. டி-லூப்புன்னு ஒலகத்துல ஒரு புரோட்டோகாலே கெடையாது. இத அம்புட்டையும் சமச்சது நானு. வியாழக்கெழம சாயங்காலம் குதிரைக்கு ஊட்டுனதும் நானு."

முத்துப்பேச்சி திரும்பி, "அன்னத்தாயி அக்கா!" என்றாள். அன்னத்தாய் டீக் கரண்டியோடு கவர்களையும் தூக்கிக்கொண்டு வந்தாள். போடியிலிருந்து வந்திருந்த கிறிஸ்டோபர் என்ற பையனிடம் முத்துப்பேச்சி முதல் கவரைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னாள். அவன் யாருக்கும் சொந்தமுமில்லை, பழக்கமுமில்லை. ஒட்டு கலையவில்லை, கையெழுத்து இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் படித்தான். டி-லூப், எட்டாயிரத்து ஐநூற்றுப் பதினாலு. யேமல், பதினெட்டு வரி. சுவிட்ச் சூடானால் பேன். வார்த்தை பிசகவில்லை.

"அந்த நம்பரு என் ஸ்கூட்டி நம்பரு. வெளிய புளியமரத்தடியில நிக்குது. வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் முத்துப்பேச்சி.

நாலு பேர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார்கள். முடிந்தது கதை என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். சாமி சிரித்தார்.

"பாத்தியளா? ஒட்டுன கவருக்குள்ள கெடந்ததக் கூட மை பாத்துருச்சு!"

"ஆகா!" என்று கூட்டம் கை தட்டியது. கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. நம்முடைய ஆட்களை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை என்று யார் சொன்னது? ஏமாற்றியது பிடிபட்ட பிறகும் இன்னொரு தடவை ஏமாறத் தயாராக நிற்பார்கள்.

முத்துப்பேச்சி இதை எதிர்பார்த்திருந்தாள் போல. "அப்ப ரொம்பச் சந்தோசம் சாமி. ரெண்டாவது கவரும் ஒட்டித்தான் இருக்கு. இதுல உள்ளத நான் குதிரைகிட்டச் சொல்லல. மையப் பாத்துச் சொல்லுங்க."

சாமியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "மைய வெளையாட்டுக்குக் கூப்பிடக் கூடாது" என்றார்.

"இப்பத்தான கவருக்குள்ள பாத்தாக? இன்னொரு தடவ பாக்கட்டுமே!" என்று அன்னத்தாய் கத்தினாள். கூட்டத்திலும் ரெண்டு குரல் "பாருங்க சாமி" என்றது. அவர்கள் சாமி ஜெயிப்பார் என்று நம்பிச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் சாமி வெற்றிலையைத் தூக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"தெரியுது... மூணு வரி. செவப்பு மசியில எழுதியிருக்கு. கடைசியில ஒரு பொம்பளப் பிள்ள பேரு. அந்தப் பிள்ள மனசுல பெருங்கவல."

கிறிஸ்டோபர் பிரித்தான். தாளை விரித்தான். திருப்பினான். மறுபடி திருப்பினான். கவரைக் கவிழ்த்து உதறினான். பிறகு தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். வெறும் வெள்ளைத்தாள்.

முதலில் சிரித்தவள் அன்னத்தாய். "அடேய், எங்கோழியத் தின்னுட்டாகன்னு சொன்னதும் இதே மசிதானடா!"

"தீட்டு! யாரோ தீட்டோட வந்துருக்காக!" என்று சாமி சத்தம் போட்டார். பலவேசம் மைக்கைப் பிடித்து, "இன்னைக்கு மை முடிஞ்சது, எல்லாரும் கெளம்புங்க" என்றார். கூட்டத்தில் பாதி நிஜமாகவே கிளம்பத் தயாராயிற்று. தீட்டு என்றால் கிளம்பிவிடத்தானே பழகியிருக்கிறோம்.

அப்போதுதான் கார்த்திக்ராஜ் எழுந்தான். குதிரையைப் பார்த்து நடந்தான். இன்னமும் சாமி குற்றம் ஆகிவிடுமோ என்ற பயம் போகவில்லை. அந்தப் பயத்தோடேயே இடது காதுக்குள் கையை விட்டான்.

"ஏய், கைய எடு! குதிர கடிச்சிரும்!" என்று பலவேசம் பாய்ந்து வந்தார்.

"மண்ணுக் குதிரையா?" என்றான் கார்த்திக்ராஜ். கை முழங்கை வரை போனது. வெளியே வந்தபோது, சிவப்புப் பட்டுத் துணி சுற்றிய சின்னக் கருவி ஒன்று அதில் இருந்தது. பேச்சைப் பதிவு செய்கிற ரெக்கார்டர். துணியை அவிழ்த்துப் பொத்தானை அழுத்தினான்.

அவன் குரலே பேசியது. "சாமி... போன தடவ பொஸ்தகத்தத் தொட்டது எந்தப்புத்தான். எங்கப்பா மூட்ட தூக்குறவரு சாமி. ஊரெல்லாம் எம்மவன் எம்மவன்னு சொல்லித் திரியிறாரு. வேல போச்சுன்னா அவரு தல குனிஞ்சிரும். ராவும் பகலும் வேகுறேன் சாமி..."

யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த சொல் தென்னந்தோப்பில் எல்லோர் காதிலும் விழுகிறதே என்று அவனுக்கு அவமானமாக இருந்தது. சிரிக்க வாயெடுத்த ஒன்றிரண்டு பேர் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். தாங்கள் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறோம் என்று அவரவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. வரிசையில் ஒரு பையன் வெலவெலத்துப் போனான். கேள்வியோடு கேள்வியாக அவன் மாமன் மகள் விஷயத்தையும் குதிரையிடம் சொல்லியிருந்தான்.

அதற்குப் பிறகு நடந்தது ரொம்பச் சுருக்கம். பலவேசம் க்யூஆர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். சாமி அவருக்கும் முன்னால் ஓடினார். மேகமலை ஜீப்பைப் பிடிக்கலாம் என்று சாலைக்கு வந்தவர்களை, இத்தனை நாள் அவர்களால் வழி கிடைக்காமல் ஹாரன் அடித்தே சலித்த ஜீப் டிரைவர்தான் மடக்கிப் பிடித்தார். இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு கார்த்திக்ராஜ் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டீ ஆறிக் கிடந்தது.

"மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்ல பேச்சி. ரெண்டு மாசம் போச்சு. ஒம்போது நாளு போதுமா?"

"போதாது. ஆனா ஒம்போதுதான் இருக்கு. யேமல் கேள்வி வந்தப்ப எழுதாம நிறுத்துனியே, ஏன்?"

"அதுல வரிக்கணக்குக் கெடையாதே."

"பாத்தியா, தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சத மைக்காக அழிச்சுட்டு எழுதுன பாரு, அதுக்குத்தான் ஒன்ன நாலு சாத்துச் சாத்தணும். லேப்டாப்பத் தொற."

ஒன்பது நாள் அவனை அவள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. பழைய சுவிட்ச் பெட்டி இரண்டை மேஜைமேல் வைத்து, ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லி, தப்பு விட்டால் "பேனப் போடுறா" என்று கேலி செய்வாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு மறுபடி எழுதுவான். இருபத்தெட்டாம் தேதி மதுரையில் பரீட்சை. கேள்வி தெரியாதபோது பழைய பழக்கத்தில் கண்ணை மூடிக் கும்பிடக் கை எழும்பியது. கீழே இறக்கி, தாளில் படம் போட்டு யோசித்தான். சிலதற்கு விடை வந்தது, சிலதற்கு வரவில்லை. கடைசியில் திரையில் வந்த மதிப்பெண், பாஸ் மார்க்குக்கு மேலே வெறும் பதினொன்று. போதுமே. நாலு பேரில் ஒருவனாக அவன் பெயர் எழுதப்பட்டது. முத்துவீரன் சந்தையில் அன்றைக்கு மூட்டையே தூக்கவில்லை. கடை கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அன்னத்தாய்க்கு மிட்டாய் கொடுக்கலாம் என்று கார்த்திக்ராஜும் முத்துப்பேச்சியும் போனார்கள். சின்னமனூர் தாண்டியதும் ஜீப் ஹாரன் கேட்டது. தோப்பு வாசலில் அதே கூட்டம். அதே லேப்டாப் பை, அதே திருநீறு. கொட்டகை பூட்டிக் கிடந்தது. சாமி இல்லை. ஆனால் குதிரைக்குப் புதுமாலை விழுந்திருந்தது. ஒவ்வொருவராக முன்னால் போய், கண்ணை மூடிக்கொண்டு, இடது காதுக்குள் கையை முழங்கை வரை விட்டு எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்கள்.

"என்னக்கா இது?" என்றான் கார்த்திக்ராஜ்.

அன்னத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "காதுக்குள்ள கைய விட்ட ஒரு பையன் ஒம்போதே நாள்ல பாஸாயிட்டானாம். சேதி கம்பம் வரைக்கும் போயிருச்சு. நாஞ் சொன்னா எவன் கேக்குறான்?"

அதற்குள் யாரோ அவனை அடையாளம் கண்டுவிட்டார்கள். "தம்பி நீங்கதான?" என்று கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒருவர் அவன் வலது கையைப் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். குதிரைக்கு அறிவியல் விளக்கம் சொன்ன அந்தக் கல்லூரி ஆசிரியர்தான்.

கார்த்திக்ராஜ் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டான். "சார், நீங்க கைய விட்டுப் பாத்தீகளா?"

"பாத்தேன் தம்பி."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. காலியா இருந்துச்சு."

"அது மண்ணுல செஞ்ச தல சார், காலியாத்தான் இருக்கும்" என்றான் கார்த்திக்ராஜ், வரிசை முழுக்கக் கேட்கும்படி. "ஒங்க தலய எவன் வந்து காலி பண்ணுனான்?"